சொட்டு நீரும் சுண்ணாம்புக் கல்லும்



தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளையும் ஏறி முடித்து, மேல்மூச்சு வாங்கக் குகைக்குள் நுழைகிறோம். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே குளிர்ச்சி. கற்பூர மணம், உறுமி மேளம், வேல் வேல் என்ற முழக்கம். அந்த நேரத்தில் எங்கோ உச்சியிலிருந்து ஒரு சொட்டு நீர் நம் நெற்றியில் வந்து விழுகிறது. சிலர் துடைத்துவிட்டு நடக்கிறார்கள். சிலர் அதைத் தீர்த்தம் போல் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அந்தச் சொட்டு எந்தக் கல்லிலிருந்து விழுந்தது, அந்தக் கல் எப்படி உண்டாயிற்று என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம். அந்தப் பெரிய மலையைக் குடைந்து குகையாக்கியதே இத்தகைய சொட்டு நீர்தான் என்றால் வியப்பாக இருக்கும். ஆனால் அதுதான் உண்மை.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். பத்துமலையில் உள்ள 'பத்து' நம்முடைய எண் அன்று. மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். மலைக்கு அருகே ஓடும் சுங்கை பத்து என்னும் ஆற்றின் பெயரே மலைக்கும் வந்தது. நம்மவர்களில் சிலர், முருகனுக்குத் தமிழகத்தில் ஆறு படைவீடுகள், மலேசியாவில் மேலும் சில, அந்த வரிசையில் இது பத்தாவது என்று கணக்குச் சொல்வார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஆற்றுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் கல்லைத்தான் நினைத்தார்கள். அது சாதாரணக் கல்லும் அன்று. மலாய்க்காரர்கள் 'பத்து காப்பூர்' என்றும், நாம் சுண்ணாம்புக் கல் என்றும் சொல்லும் கல் அது.

சுண்ணாம்பு நமக்குப் புதியதா? பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் ஒரு சிறிய டப்பாவில் அது எப்போதும் இருக்கும். தீபாவளிக்கு முன்னால் லயத்து வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்த நினைவு பெரியவர்களுக்கு இருக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்தால் சிவந்து ஆரத்தி நீராவதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு வேறு, சுண்ணாம்புக் கல் வேறு. இரண்டும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் என்று சொல்லலாம். இடையில் இருப்பது நெருப்பு.

சுண்ணாம்புக் கல்லின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்னும் பொருள். அதைச் சூளையில் இட்டுச் சுமார் 900 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டால், கல்லுக்குள் கட்டுண்டிருந்த கரியமில வாயு வெளியேறிவிடும். தூய கல் 100 கிலோவைச் சுட்டால் எஞ்சுவது 56 கிலோதான். மற்ற 44 கிலோவும் கண்ணுக்குத் தெரியாமல் காற்றோடு போய்விடும். எஞ்சியது சுட்ட சுண்ணாம்பு. அதன்மேல் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கிப் பொடியாகும். அதுதான் நீற்றிய சுண்ணாம்பு. வெற்றிலைக்கும் சுவருக்கும் வருவது இதுவே. இங்கே பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். பட்டுவிட்டால் தாய்ப்பால், எண்ணெய் என்று கைவைத்தியம் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. உடனே சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றி, இமையைத் திறந்து பிடித்து நெடுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வெற்றிலைப் பெட்டியின் சுண்ணாம்பு டப்பாவை மூடாமல் விட்டால் என்ன ஆகிறது? மேலே ஏடு கட்டி, பிறகு இறுகிக் கட்டியாகிவிடுகிறது. காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். காய்ந்தது மட்டுமன்று, சூளையில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு அது மறுபடியும் கல்லாகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரைத் தந்த செங்கல் சூளைகளை நினைத்துப் பாருங்கள். 1881-ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்பு வீடுகளையும் அழித்த பிறகு, நகரத்தைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தக் காலத்துக் கட்டடங்களில் செங்கல்லைச் செங்கல்லோடு பிணைத்தது சுண்ணாம்புச் சாந்து. சாந்து ஆண்டுக்கணக்கில் காற்றைக் குடித்துக் கல்லாக இறுகியதால்தான் அவை இன்றும் நிற்கின்றன. பிற்காலத்தில் சுண்ணாம்புச் சாந்தின் இடத்துக்கு வந்த சிமெண்டும், சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைத்த மாவுதான்.

சரி, அந்தக் கல் முதலில் எங்கிருந்து வந்தது?

கடலிலிருந்து வந்தது. கிள்ளான் கடைத்தெருவில் கெராங் என்னும் சிப்பியை வாங்கிச் சமைக்கிறோம். சதையைத் தின்று ஓட்டை எறிந்துவிடுகிறோம். அந்த ஓடும் கால்சியம் கார்பனேட்தான். கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சி, சிப்பி தனக்கு வீடு கட்டிக்கொள்கிறது. பவளப்பூச்சியும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத சில நுண்ணுயிர்களும் அப்படியே. ஆழமில்லாத, வெதுவெதுப்பான, கலங்கல் இல்லாத கடலில் இவை கோடிக்கணக்கில் வாழ்ந்து மடியும். ஓடுகளும் எலும்புக் கூடுகளும் அடியில் படியும்; நொறுங்கிச் சேறாகும்; அதன்மேல் மறுபடி படியும். மேலே உள்ள சுமை கீழே உள்ளதை அழுத்தும். நீர் பிதுங்கி வெளியேற, துகளும் துகளும் ஒட்டிக்கொண்டு கல்லாகும். மனிதன் கட்டிய எந்தக் கட்டடத்திலும் இத்தனை கூலியாட்கள் வேலை செய்ததில்லை.

பத்துமலையின் கல் அப்படிப் படிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்போது நிலத்தில் காடு இல்லை, பறவை இல்லை, மனிதனைப் பற்றிய பேச்சே இல்லை. இன்று நாம் நிற்கும் இந்த மண்ணும் அன்று இந்த இடத்தில் இல்லை. மலாயாவின் மேற்குப் பகுதி, தெற்கே கோண்டுவானா என்னும் மாபெரும் நிலப்பரப்பின் ஓரத்தில், ஆஸ்திரேலியாவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று நில இயல் அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். இந்தியாவும் அதே பெருநிலத்தின் ஒரு துண்டுதான். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கடந்து வந்த அந்த இரண்டு கரைகளும் ஒரு காலத்தில் ஒரே நிலத்தைச் சேர்ந்தவை என்று நினைக்கும்போது மனம் சற்று நின்றுதான் போகிறது.

தமிழகத்திலும் சுண்ணாம்புக் கல் உண்டு. திருச்சிராப்பள்ளியை அடுத்த அரியலூர், டால்மியாபுரம் பக்கத்தில் சிமெண்டு ஆலைகள் இருப்பது இந்தக் கல்லுக்காகத்தான். அந்தக் கல் வயதில் இளையது. 10 கோடி ஆண்டுக் கணக்குக்குள் அடங்குவது. அங்கே உழுகிற நிலத்திலேகூடக் கல்லாகிப்போன சிப்பியும் சுருள் நத்தையும் கிடைக்கும். பத்துமலையில் அப்படி எளிதாகக் காண முடியாது. ஏன்? சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், உருகிய கருங்கல் குழம்பு பூமியின் ஆழத்திலிருந்து எழுந்து வந்தது. கோம்பாக்கிலிருந்து கெந்திங் வரை நாம் காணும் மலைத்தொடர் அந்தக் குழம்பு ஆறி இறுகியதுதான். அதன் சூட்டில் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் வெந்து, சிப்பி அடையாளமெல்லாம் அழிந்து, சர்க்கரைக் கட்டி போன்ற பளிங்காக மாறிவிட்டது. உடைந்த துண்டு ஒன்றை வெயிலில் திருப்பிப் பார்த்தால் சின்னச் சின்ன முகங்கள் மின்னும். அதே கருங்கல் குழம்புதான் ஈயத்தையும் கொண்டுவந்தது. கோலாலம்பூர் என்னும் ஊர் பிறந்ததே அந்த ஈயத்துக்காக.

இனிச் சொட்டு நீருக்கு வருவோம்.

மழை பெய்யும்போது காற்றில் உள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு வருகிறது. மண்ணுக்குள் இறங்கினால், அழுகும் இலைதழைகளும் வேர்களும் விடுகிற அதே வாயுவை இன்னும் அதிகமாக எடுத்துக்கொள்கிறது. அந்த நீர் மிக மெல்லிய அமிலமாகிவிடும். நாம் குடிக்கும் சோடா எவ்வளவு புளிப்போ அதைவிடப் பன்மடங்கு மெலிந்தது. ஆனாலும் சுண்ணாம்புக் கல்லுக்கு அது போதும். கல்லின் வெடிப்புகளில் இறங்கி, இரு பக்கச் சுவரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகும். மயிரிழை வெடிப்பு விரல் அகலமாகும். விரல் அகலம் ஆள் நுழையும் சந்தாகும். பல லட்சம் ஆண்டுகளில் கோயில் கட்டும் அளவுக்கு ஒரு மண்டபமாகும். பத்துமலைக் கோயில் குகையின் கூரை ஏறத்தாழ 100 மீட்டர் உயரம். கூரை மெலிந்து ஓர் இடத்தில் இடிந்துபோனதால்தான், உள்மண்டபத்தில் நின்றால் தலைக்கு மேலே வானமும் மரங்களும் தெரிகின்றன.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு முட்டையை உடைக்காமல் கண்ணாடிக் குவளையில் வைத்து, மூழ்கும்வரை காடி ஊற்றுங்கள். கடையில் சுக்கா என்று கேட்டால் கொடுப்பார்கள். ஓட்டைச் சுற்றிக் குமிழிகள் எழும்பும். அது கல் இழக்கும் கரியமில வாயு. ஒன்றிரண்டு நாளில் ஓடு கரைந்து, தோல் மட்டும் மூடிய மெத்தென்ற முட்டை கையில் வரும். பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள். ஆனால் அந்த முட்டையைத் தின்ன வேண்டாம்.

கரைக்கும் நீரே கட்டவும் செய்கிறது. கல்லைக் கரைத்துச் சுமந்துகொண்டு வரும் நீர், குகையின் கூரையில் வந்து தொங்கும்போது, தன்னிடம் உள்ள கரியமில வாயுவைக் குகைக் காற்றில் விட்டுவிடுகிறது. வாயு போனதும் சுமையைத் தாங்கும் சக்தி குறைகிறது. இம்மியளவு சுண்ணாம்பைக் கூரையில் விட்டுவிட்டுச் சொட்டுகிறது. விழுந்த இடத்திலும் இம்மியளவு விடுகிறது. மேலிருந்து தொங்குவது கல்விழுது. கீழிருந்து எழுவது கல்முளை. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தால் அதுவே சராசரி வளர்ச்சி. அந்தக் கணக்கில் ஒரு சாண் நீள விழுது உண்டாக இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். அதை ஒடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைக்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கை பட்டால்கூட, தோலின் எண்ணெய் ஒட்டி அந்த இடத்தில் கல் வளராமல் போகக்கூடும்.

மீதிச் சுண்ணாம்பு எங்கே போகிறது? மலையடி நீரோடு சுங்கை பத்துவில் கலந்து, அது கோம்பாக் ஆற்றில் சேர்ந்து, மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றோடு கூடி, கிள்ளானைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. அங்கே சேற்றில் கிடக்கும் கெராங் சிப்பி அதை எடுத்து மறுபடியும் ஓடு கட்டுகிறது.

இந்த மலையை மனிதர்கள் கண்டதும் பயன்படுத்தியதும் பல வகையில். தெமுவான் இனத்துப் பழங்குடி மக்கள் குகைகளில் ஒதுங்கினார்கள். 1860-களில் சீனக் குடியேறிகள் வௌவால் எச்சத்தைத் தோண்டிக் காய்கறித் தோட்டத்துக்கு உரமாக்கினார்கள். 1878-இல் வில்லியம் ஹார்னடே என்னும் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் கண்டு எழுதிய பிறகு வெளியுலகம் அறிந்தது. 1890-இல் தம்புசாமிப் பிள்ளை முருகனை அங்கே எழுந்தருளச் செய்தார். 1892 முதல் தைப்பூசம் நடைபெறுகிறது. மறுபுறம், அதே மலையை வெடிவைத்து உடைத்துச் சாலைக்கும் கட்டடத்துக்கும் கல்லாக ஏற்றிச் சென்றார்கள். ஒரு பக்கம் காவடி, ஒரு பக்கம் வெடி. பல காலம் இப்படியே நடந்தது. 1981-இல்தான் அங்கே கல்லுடைப்பு நிறுத்தப்பட்டது. உடைபட்ட வெள்ளை முகங்கள் மலையின் பக்கவாட்டில் இன்றும் தெரிகின்றன. 40 கோடி ஆண்டுக் கல்லைச் சாலையில் கொட்டித் தார் ஊற்றியதை நாம் குறை சொல்லலாம். ஆனால் அந்தச் சாலையில்தான் நம் தோட்டத்து லாரிகளும் போயின.

மலையாக நிற்பது கொஞ்சம். மண்ணுக்கடியில் கிடப்பதே அதிகம். கோலாலம்பூர் நகரின் பெரும்பகுதி இந்தக் கல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அடியில் கிடக்கும் கல் மேசை போல் சமமாக இல்லை. கூரிய முனைகளும், ஆழ்ந்த பள்ளங்களும், உள்ளே குகைகளுமாக இருக்கிறது. அந்தப் பள்ளங்களில் தங்கிய மண்ணில்தான் ஈயம் கிடைத்தது. நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து எடுத்த பிறகு, ஈயச் சுரங்கத்தில் பல் போன்ற வெள்ளைப் பாறைகள் துருத்திக்கொண்டு நின்றதை முதியவர்கள் சிலர் பார்த்திருப்பார்கள். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைக் கட்டத் தொடங்கியபோது, முதலில் குறித்த இடத்துக்கடியில் இந்தக் கல் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் செங்குத்துப் பள்ளமாகவும் இருந்தது தெரியவந்தது. கோபுரங்களைச் சுமார் 60 மீட்டர் தள்ளி, சில இடங்களில் 100 மீட்டருக்கும் ஆழமாகத் தூண் இறக்கிக் கட்டினார்கள். 2007-இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் வெள்ளச் சுரங்கமும் இதே கல்லைத் துளைத்துத்தான் போகிறது.

கல்லுக்குள் வெற்றிடம், அதன்மேல் மண். மண் ஒரு வளைவு போல் நின்று வெற்றிடத்தை மூடிக்கொண்டிருக்கும். குழாய் உடைந்து நீர் கசிந்தாலோ, நிலத்தடி நீரை அதிகமாக இறைத்தாலோ, மண் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். மேலே ஒன்றும் தெரியாது. ஒருநாள் திடீரென்று குழி விழும். 2014-இல் ஜாலான் பூடுவில் சாலை குழி விழுந்தது. 2024 ஆகஸ்டு 23-ஆம் நாள் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி அதில் விழுந்தார். பல நாள் தேடியும் அவரை மீட்க முடியவில்லை. நாம் தீபாவளிக்குத் துணி வாங்கப் போகும் தெரு அது. இத்தகைய விபத்துகளில் கல்லை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நகரத்தின் அடியில் ஓடும் குழாய்களும் சாக்கடைகளும், அவற்றைப் பராமரிக்கும் விதமும் சேர்ந்தே கணக்கில் வரும்.

குழி விழுவது ஒரு வகை. மலை விழுவது இன்னொரு வகை. ஈப்போவில் குனோங் சீரோ என்னும் சுண்ணாம்புக் குன்று இருக்கிறது. கல்லுமலைச் சுப்பிரமணியர் கோயில் அமைந்த இடம் என்றால் பேராக் நேயர்களுக்கு உடனே விளங்கும். 1973 அக்டோபரில் அந்தக் குன்றின் ஒரு பக்கம் பிளந்து, அடிவாரத்தில் இருந்த வரிசை வீடுகளின் மேல் விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். கட்டியிருந்த மாடுகளும் மாண்டன. சுண்ணாம்புக் குன்று ஏன் அப்படி விழுகிறது? அடிவாரத்தில் தேங்கும் நீர், குன்றின் காலை அரித்து உள்ளே குடைகிறது. மேலே உள்ள பாறை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதே வேளையில் மேலிருந்து இறங்கும் மழைநீர், செங்குத்து வெடிப்பை அகலப்படுத்துகிறது. மரங்களின் வேர் ஆப்பு போல் நுழைகிறது. இரண்டு வெடிப்பும் சந்திக்கும் நாளில் வீடு அளவுள்ள பாறை ஒரே துண்டாகக் கழன்றுவிடும். நெடுநேர அறிவிப்பெல்லாம் அது கொடுக்காது.

நிழலும் குளிர்ச்சியும் இருக்கிறது, வாடகை இல்லை என்று குன்றின் காலடியில் குடிசையோ மாட்டுக் கொட்டகையோ போடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அடிவாரத்தில் புதிதாக உடைந்த, பாசி படியாத வெள்ளைக் கற்கள் கிடந்தால், மேலிருந்து அண்மையில் விழுந்தவை என்று பொருள். பாறை முகத்தில் மற்ற இடமெல்லாம் கறுத்திருக்க, ஓரிடம் மட்டும் வெளுத்தோ செம்மஞ்சளாகவோ இருந்தால் அங்கிருந்துதான் கழன்றிருக்கிறது. தலைக்கு மேலே பாறை குடை போல் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் சமைக்கவோ படுக்கவோ கூடாது. சமதரையிலும் சில அறிகுறிகள் உண்டு. வீட்டுப் பக்கத்தில் தரை வட்டமாகத் தாழ்ந்தாலும், நேராக நின்ற வேலிக்கால் சாய்ந்தாலும், கதவு திடீரென்று இறுகிச் சாத்த மறுத்தாலும், கிணற்று நீர் காரணமின்றிக் கலங்கினாலும், அந்த இடத்தை விட்டு விலகி, நகராண்மைக் கழகத்துக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ உடனே சொல்ல வேண்டும். குழியைக் குப்பை போட்டு மூடிவிட்டுச் சும்மா இருந்தால், அடுத்த பெருமழையில் அது குப்பையையும் விழுங்கும்.

தொடர்ந்து நாலைந்து நாள் பெருமழை பெய்த பிறகு பாறை விழும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட நாள்களில் குன்றின் அடியில் மாட்டைக் கட்டாமல், நூறடி தள்ளிக் கட்டினாலே நல்லது.